கப்பலில் போகும் காருக்குள் வீட்டுச் சாமான் வைத்து அனுப்பலாமா?

பள்ளத்தூர் மகள் | ஞாயிறு காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது, அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓட்டிய 1972 அம்பாசடர் மார்க் 2 இன்னும் எங்கள் கார் ஷெட்டில் நிற்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் தம்பி அதைத் தன்னிடம் அனுப்பச் சொல்கிறான். ஆத்தாவுக்கும் சம்மதம். தூத்துக்குடியிலிருந்து 20 அடி கண்டெய்னரில் அனுப்புவதாகப் பேசியிருக்கிறோம்.

நான் கேட்க வந்தது காருக்குள் வைக்கும் சாமானைப் பற்றி. வீட்டில் பாதியை இனிப் பூட்டித்தான் வைக்கப் போகிறோம். இரண்டாம் கட்டு அறைகளில் சாமான் நிறைந்து கிடக்கிறது. அம்பாசடர் டிக்கி எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். அதுவும் பின் சீட்டும் காலியாகத்தானே போகின்றன, தம்பி பங்குச் சாமானை அதில் வைத்துவிடலாமே என்று நினைத்தேன். புக்கிங் செய்பவரும், "வச்சு அனுப்புங்க ஆச்சி, யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் உறுத்துகிறது. முறைப்படி வைக்கலாம் என்றால், யார் பார்த்தால் என்ன? இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் கிளியரிங் | ஞாயிறு காலை 9.15

ஆச்சி, எனக்குச் சொந்த ஊர் கோட்டையூர். 19 வருஷமாகத் தூத்துக்குடியில் கிளியரிங் வேலை, அதாவது சரக்கைச் சுங்கத்தில் காட்டிக் கப்பலுக்கு அனுப்பும் வேலை. உங்களுக்கு உறுத்தியது சரியானதுதான்.

கார் கப்பலில் இரண்டு விதமாகப் போகும். ஒன்று ரோ-ரோ. காரைத் துறைமுக ஆட்களே ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலுக்குள் நிறுத்துவார்கள். சாவி அவர்கள் கையில், கதவு பூட்டாமல் இருக்கும். அதில் காரோடு வந்த ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் தவிர வேறு எதையும் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை. இரண்டாவது கண்டெய்னர். இதில் விதி கொஞ்சம் இளகும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் சாமானைத் தனியாக வைக்கச் சொல்வார்கள், சிலர் காருக்குள்ளேயே வைக்க விடுவார்கள், சிலர் எதுவுமே கூடாது என்பார்கள். எதுவானாலும் புக்கிங் செய்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல் பிரச்சினை வரும் நாளில் கூட நிற்காது.

பேக்கிங் லிஸ்ட் (சாமான் பட்டியல்), ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதித் தாள்), பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) மூன்றிலும் ஒரே விஷயம் இருக்க வேண்டும். "பழைய கார், 1" என்று மட்டும் எழுதிவிட்டு டிக்கியில் பித்தளை அண்டா இருந்தால், அது உங்கள் சொந்த அண்டாவாகவே இருந்தாலும் கணக்கில் வராத சரக்குதான். எடையும் காட்டிக் கொடுக்கும். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கண்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். காகிதத்தில் கார் எடை மட்டும் இருந்து, எடை மேடை 300 கிலோ கூடுதலாகக் காட்டினால் அங்கேயே கேள்வி வரும். போய்ச் சேரும் ஊரில் ஸ்கேன் வேறு இருக்கிறது.

அப்புறம் இடம். 20 அடிக் கண்டெய்னரின் உள் நீளம் 5.9 மீட்டருக்குப் பக்கம், அகலம் 2.35. அம்பாசடர் நீளம் 4.3 மீட்டர் சுமார். அப்படியானால் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் கண்டெய்னரிலேயே இடம் மிச்சம். சாமானைப் பெட்டி போட்டு, நம்பர் எழுதி, உள்சுவர் ஓரமாக அடுக்கிக் கட்டிவிட்டு அதன் பிறகு காரை ஏற்றலாம். கார் காலியாகப் போகட்டும். நான் எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன்.

வலையபட்டிக்காரன் | ஞாயிறு காலை 10.02

அண்ணே, நீங்கள் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். நடைமுறை வேறு. என் அத்தான் துபாயிலிருந்து கார் அனுப்பியபோது டிக்கி நிறையத் துணியும் புத்தகமும் வைத்துத்தான் அனுப்பினார். ஒரு தூசி குறையாமல் போய்ச் சேர்ந்தது. கண்டெய்னர் வாடகை முழுவதும் நாம் கொடுக்கிறோம், சீல் போடுகிறோம், கார் நம்முடையது. அதற்குள் நம் சாமானை வைக்க ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்? ஆச்சி வீட்டுச் சாமானைத் தனியாக அனுப்பினால் அதற்கு ஒரு செலவு. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது சிறிய தொகை இல்லை.

தேவகோட்டை ஷார்ஜா | ஞாயிறு மதியம் 1.30

வலையபட்டி அண்ணே, உங்கள் அத்தானுக்கு நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். எங்களுக்கு முடியவில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வளைகுடாவில் வேலை முடிந்து இங்கிலாந்துக்கு மாறியபோது ரோ-ரோவில் கார் அனுப்பினோம். காருக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத் தாளில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. குழந்தையின் சீட், ஒரு சூட்கேஸ் நிறையக் குளிர் உடுப்பு, டேஷ்போர்டில் சில சாமான்கள், பின் சீட்டுக்கு அடியில் வீட்டுக்காரியின் இரண்டு கண்டாங்கிச் சேலை. அந்தச் சேலைகள் அவள் அப்பத்தா கட்டியவை. கார் வந்தபோது சூட்கேஸ் திறந்து கிடந்தது. சேலைகள் இல்லை. எந்தத் துறைமுகத்தில் போயின என்று சொல்ல யாராலும் முடியவில்லை. கப்பல் கம்பெனி, "நாங்கள் ஏற்றுக்கொண்டது வாகனம் மட்டும்" என்று பில்லைக் காட்டியது. காருக்கு எடுத்த இன்சூரன்ஸ் காருக்குள் இருந்த சொந்தப் பொருளுக்குச் செல்லாது என்றார்கள். மீதிச் சாமானும் காகிதத்தில் இல்லாததால் கார் சுங்கத்தில் நின்றது. நின்ற நாளுக்கெல்லாம் துறைமுகத்துக்குக் காசு கட்டினோம்.

கார் வந்து சேர்ந்ததே என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். அந்தச் சேலையின் கரையை வீட்டுக்காரி இன்னும் பேசுகிறாள்.

கோட்டையூர் கிளியரிங் | ஞாயிறு மதியம் 2.10

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இதைப் பலரும் அடிபட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அமெரிக்கச் சுங்கத் துறை தன் வழிகாட்டியில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: காரைச் சாமான் பெட்டியாகப் பயன்படுத்தாதீர்கள், திருட்டுப் போகும், கம்பெனிகள் ஏற்க மறுக்கும், உள்ளே இருப்பதை முழுதும் அறிவிக்காவிட்டால் அபராதமோ, காரும் சாமானும் சேர்த்துப் பறிமுதலோ நேரலாம் என்று. ஒரு சூட்கேஸுக்காகக் காரையே இழக்கும் நிலை அது.

வலையபட்டித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. கண்டெய்னர் நம்முடையதுதான். ஆனால் கப்பல் நம்முடையது மட்டும் இல்லையே. 2022 பிப்ரவரியில் பெலிசிட்டி ஏஸ் என்ற கார்க் கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் தீப்பிடித்து, மார்ச் 1 அன்று மூழ்கியது. அதில் சுமார் 4,000 கார்கள். அந்த வகைக் கப்பலில் தளம் முழுக்கத் தடுப்பே இல்லாமல் ஒரே கூடமாக இருக்கும். ஒரு மூலையில் பிடித்த தீயை அங்கேயே நிறுத்துவது பெரும்பாடு. உள்ளே வாசனைத் திரவியப் புட்டி இருக்கிறதா, லித்தியம் பேட்டரி இருக்கிறதா, சின்ன கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று ஒவ்வொரு காராகப் பார்க்க முடியாது. அதனால்தான் "எதுவுமே வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள்.

இன்சூரன்ஸைப் பற்றி இன்னொன்று. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரைதட்டி 6 நாள் நின்றது நினைவிருக்கும். அப்போது கப்பல் உரிமையாளர் பொதுச் சேதப் பங்கீட்டை (ஜெனரல் ஆவரேஜ்) அறிவித்தார். அப்படி அறிவித்தால் சரக்கு அனுப்பிய எல்லோரும் மீட்புச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும், அவரவர் சாமான் பத்திரமாக இருந்தாலும்கூட. இன்சூரன்ஸ் எடுத்தவருக்கு அவர் கம்பெனி கட்டும். ஆகவே கார், பெட்டிச் சாமான் இரண்டின் மதிப்பையும் எழுதி, இரண்டுக்கும் சேர்த்து மரைன் இன்சூரன்ஸ் எடுங்கள் ஆச்சி. நாமே கட்டிய பெட்டியில் கண்ணாடி உடைந்தால் பெரும்பாலும் தர மாட்டார்கள், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் மகள் | ஞாயிறு மாலை 5.25

தேவகோட்டைத் தம்பி, மனசு கனத்துவிட்டது. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் அந்த புக்கிங்காரர் பேச்சைக் கேட்டு வைத்திருப்பேன்.

சரி, கார் காலியாகப் போகட்டும். முன்னால் அடுக்கும் பெட்டிகளில் வைக்க நினைத்ததை எழுதுகிறேன். எது போகலாம், எது கூடாது என்று சொல்லுங்கள். ஐயா, அதாவது எங்கள் தாத்தா, ரங்கூனில் கடை வைத்திருந்தபோது எழுதிய பேரேடுகள் 6. எனாமல் தூக்கு, எனாமல் அடுக்கு. பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, ஆத்தா கல்யாணத்துக்கு வாங்கியது. அதைவிடப் பழைய ஒற்றை விளக்கு ஒன்று, யார் வாங்கியது என்று ஆத்தாவுக்கே தெரியவில்லை. நாங்கள் விளையாடிய மரப்பாச்சி ஜோடி. முகப்பில் மாட்டியிருந்த மான் கொம்பு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் 12, மிச்சமிருந்தவை. பனையோலைக் கொட்டான் 5. ஆத்தா மணகோலமும் சீப்புச் சீடையும் ஒரு டின்னில் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

காரைக்குடி பழஞ்சாமான் | ஞாயிறு இரவு 8.50

ஆச்சி, முனீஸ்வரன் கோவில் தெருவில் எங்களுக்குப் பழஞ்சாமான் கடை. உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதில் மூன்று நான்கு சாமான் காரையே நிறுத்திவிடும்.

முதலில் ஒற்றை விளக்கு. 1972 தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கிறது. 100 வருஷம் ஆன சிலை, விளக்கு, சித்திரம், மர வேலைப்பாடு எல்லாம் அதன்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அதைத் தனி ஆள் அனுப்பவே முடியாது, சொந்த வீட்டுச் சாமான் என்றாலும். மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. 100 வருஷம் ஆகாத சாமான் என்றாலும், பார்வைக்குப் பழசாக இருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். கல்யாணக் குத்துவிளக்குக்கு அதை வாங்குங்கள். ஒற்றை விளக்கை வீட்டிலேயே ஏற்றி வையுங்கள்.

பேரேடு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 100 இல்லை, 75 வருஷம்தான் கணக்கு. அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை என்று ஏதாவது ஒரு வகையில் மதிப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ரங்கூன் கடைக் கணக்கு என்றால் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியதாக இருக்கும். வட்டி, ஆள் பெயர் எல்லாம் எழுதிய நம்மவர் பேரேடு வரலாற்று ஆவணம் இல்லை என்று யார் சொல்வார்கள்? தம்பிக்கு ஆசை என்றால் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மூலம் இங்கே இருக்கட்டும். எடைக்குப் போட்ட பேரேடுகள் எங்கள் தெருவில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், உங்கள் வீட்டில் 6 மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

மான் கொம்பைத் தொடவே தொடாதீர்கள். அது வனவிலங்குச் சட்டத்தில் வரும். தந்தம் பதித்த சாமான் ஏதாவது இருந்தாலும் அப்படியே, அந்தப் பக்கம் இங்கிலாந்திலும் 2022 ஜூன் முதல் தந்தத்துக்குக் கடுமையான சட்டம் நடப்பில் இருக்கிறது. மரப்பாச்சி செம்மரமாக இருந்தால் அதுவும் கூடாது, செம்மரத்துக்கு ஏற்றுமதித் தடை இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய மரப்பாச்சி பெரும்பாலும் செம்மரம்தான்.

எனாமல் தூக்கு, ஆத்தங்குடிக் கல், கொட்டான் இவற்றில் எனக்குத் தடை தெரியவில்லை. கல்லை மட்டும் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி, இடையில் அட்டை கொடுத்துக் கட்டுங்கள். படுக்கப் போட்டால் குலுங்கலில் நடுவில் விரியும்.

பள்ளத்தூர் மகள் | ஞாயிறு இரவு 9.40

மரப்பாச்சி செம்மரம்தான். தண்ணீரில் உரைத்துக் குழந்தைகளுக்குத் தடவுவார்கள், அந்தச் சிவப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணே. பேரேட்டை யாரும் ஆவணம் என்று நினைத்ததில்லை. நாளைக்கே எடுத்துத் தட்டித் துணியில் கட்டி வைக்கிறேன்.

புதுவயல் மெல்போர்ன் | திங்கள் காலை 6.05

ஆச்சி, தின்பண்டம் பற்றி நான் சொல்கிறேன். கண்டெய்னர் கடலில் வாரக்கணக்கில் வெயிலில் காயும், ராத்திரியில் குளிரும். உள்சுவரில் வேர்த்து மேலே இருந்து சொட்டும். எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடித்துவிடும். பால், நெய், இறைச்சி சேர்ந்ததை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இங்கிலாந்தில் தடையும் இருக்கிறது. மணகோலத்தை யாராவது ஊருக்கு வந்து போகும்போது, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கையில் கொடுத்து விடுங்கள். ஈரத்துக்காக அந்த உறிஞ்சும் பைகளை நாலு மூலையிலும் தொங்கவிடச் சொல்லுங்கள்.

கொட்டானை நன்றாகத் தட்டி, வெயிலில் காயவைத்து, பூச்சி இல்லை என்று பார்த்து, "பனையோலைக் கூடை" என்று லிஸ்டில் வெளிப்படையாக எழுதுங்கள். காரையும் அடியில் நீராவி அடித்துக் கழுவுங்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் வேம்பு விதை ஒன்று, மண் ஒரு பிடி கிடைத்தாலும் நம் செலவில் திரும்பக் கழுவ வைப்பார்கள். அமெரிக்காவிலும் அடியில் மண் இருக்கக் கூடாது. உங்கள் கார் ஷெட் பக்கத்தில் வேம்பு இருந்தால் வைப்பர் பள்ளத்தையும் ஸ்டெப்னிக் குழியையும் கட்டாயம் பாருங்கள். சருகு அங்கேதான் போய் உட்காரும்.

கொத்தமங்கலம் பட்டறை | திங்கள் காலை 8.20

வணக்கம் ஆச்சி. அம்பாசடர் வேலைதான் எனக்குச் சோறு போட்டது, அதனால் காரைப் பற்றிச் சொல்கிறேன். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம், முழுதும் வடிக்கச் சொன்னால் வடித்துவிடுங்கள். பேட்டரி முனையைக் கழற்றி டேப் சுற்ற வேண்டும். இடையில் கேஸ் கிட் மாட்டியிருந்தால் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு கப்பலில் ஏற்றுவது பெரிய வம்பு.

டிக்கியில் பாரம் வேண்டாம் என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணம் இருக்கிறது. பின்னால் பட்டை ஸ்பிரிங். காரை நாலு பக்கமும் இழுத்துக் கட்டித்தான் அனுப்புவார்கள். பாரத்தோடு இறங்கி நிற்கும்போது கட்டினால், கடலில் ஆட ஆடக் கட்டு தளரும். கட்டு தளர்ந்தால் கார் சுவரில் மோதும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையும் சாதாரண மரமாக இருக்கக் கூடாது என்று கேள்விப்பட்டேன், கோட்டையூர் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

கோட்டையூர் கிளியரிங் | திங்கள் காலை 9.00

ஆமாம் தம்பி. சாதாரண மரம் என்றால் நடு வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏற்றி, முத்திரை குத்திய கட்டையாக இருக்க வேண்டும். பெட்டி அடிக்கும் மரத்துக்கும் அதேதான். ப்ளைவுட் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

லெஸ்டர் அரியக்குடி | திங்கள் மாலை 6.45

ஆச்சி, நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். தம்பி இங்கே குடியேறி எத்தனை வருஷம்? ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், குடிமாறி வருபவருக்கான வரிச் சலுகை அவருக்குக் கிடைக்காது. ஆனால் இறந்தவரிடமிருந்து வாரிசாக வந்த பொருளுக்கு இங்கே தனிச் சலுகை இருக்கிறது. சாமான் கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்து வைப்பது நல்லது. வாரிசுச் சான்று, பொருள் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். அந்தப் பட்டியலும் நீங்கள் போடும் பேக்கிங் லிஸ்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

அது கிடைக்காவிட்டாலும், 30 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் நிலையில் இருக்கும் கார் சேகரிப்பு வாகனம் என்று ஏற்கப்பட்டால் சுங்க வரி இல்லை, இறக்குமதி வாட் 5 சதவீதம்தான். இந்தச் சலுகை காருக்கு மட்டும். உள்ளே வேறு சாமான் கிடந்தால் அதற்கு வேறு கணக்கு. அறிவிக்காத சாமானால் கார் விசாரணையில் நின்றுவிடக் கூடாது. கார் வந்த 14 நாளுக்குள் வருவாய்த் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தம்பிக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒரு சந்தோஷமான சேதி. அம்பாசடர் பிறந்தது மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலாந்துக் காரின் மூன்றாம் வரிசையிலிருந்து. அந்தக் கார் செய்த கௌலி, ஆக்ஸ்போர்டு ஊரை ஒட்டிய இடம், எனக்கு இங்கிருந்து காரில் போகிற தூரம்தான். உங்கள் அப்பச்சி கார் தாய்வீட்டுக்கு வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வலையபட்டிக்காரன் | திங்கள் இரவு 8.10

எல்லாவற்றையும் படித்தேன். அத்தானிடம் போனில் கேட்டேன். அவர் துணி, புத்தகம் எல்லாவற்றையும் லிஸ்டில் எழுதிக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறார், கம்பெனியும் கண்டெய்னருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த விவரம் எனக்குத் தெரியாது. ஆச்சி, நான் முதலில் சொன்னதை வைத்து எதுவும் செய்துவிடாதீர்கள். பெட்டி கட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வந்து கட்டித் தருகிறேன்.

பள்ளத்தூர் மகள் | 5 வாரம் கழித்து, வியாழன் இரவு 9.30

கேட்டவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமே என்று எழுதுகிறேன். இன்று தூத்துக்குடியில் கார் கண்டெய்னருக்குள் ஏறிவிட்டது.

புக்கிங்கை வேறு ஆளிடம் மாற்றிவிட்டோம். அவர் எழுத்தில் கொடுத்தார்: கார் காலி, முன்னால் 7 பெட்டி, பெட்டிக்கு ஒரு பட்டியல். வலையபட்டித் தம்பி சொன்னபடி வந்து இரண்டு நாள் இருந்து கட்டிக் கொடுத்தார். ஆத்தா அவருக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பவில்லை. எனாமல் தூக்கு, அடுக்கு, ஆத்தங்குடிக் கல், கொட்டான், சான்றிதழோடு கல்யாண விளக்கு ஜோடி போகின்றன. மரப்பாச்சி, மான் கொம்பு, ஒற்றை விளக்கு, பேரேடு எல்லாம் வீட்டில். பேரேட்டில் இரண்டு முடிந்துவிட்டது, மீதி நாலையும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன்.

காரைக் காலி செய்வதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. டேஷ்போர்டைத் திறந்தால் அப்பச்சியின் மூக்குக்கண்ணாடிக் கூடு, பெட்ரோல் போட்ட தேதி எழுதிய சின்ன நோட்டு, விபூதிப் பொட்டலம், டார்ச். டார்ச்சில் பேட்டரி கசிந்திருந்தது. முன் சீட்டுக்கு அடியில் அவர் தேடித் தேடிக் கிடைக்காத பேனா. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்துக்கொண்டேன். டிசம்பரில் தம்பியைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டு போகிறேன். ஸ்டீயரிங் பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. அதையும் லிஸ்டில் எழுதச் சொன்னேன். "டேஷ்போர்டில் ஒட்டிய உலோகப் பிள்ளையார், 1" என்று அவர் எழுதினார்.

கோட்டையூர் கிளியரிங் | வியாழன் இரவு 9.52

நல்லபடியாக முடித்திருக்கிறீர்கள் ஆச்சி. சீல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தீர்களா? கதவு மூடும் முன் பெட்டிகளையும்?

பள்ளத்தூர் மகள் | வியாழன் இரவு 9.58

இரண்டும் எடுத்தேன் தம்பி. சீல் நம்பரைப் பேப்பரிலும் எழுதி ஆத்தா பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள்.